ஊட்டியில் ஏர்பிரஷ் கம்ப்ரசர் ஏன் நிற்காமல் ஓடுகிறது?

ஸ்கேல் மாடல், அதாவது ரயில், விமானம் போன்றவற்றின் சிறிய மாதிரிகள் செய்து, ஏர்பிரஷ் என்ற காற்றால் பெயிண்ட் தெளிக்கும் கருவியால் வண்ணம் அடிப்பவர்களிடம் அதிகம் இருப்பது ஏஎஸ்-186 வகைக் கம்ப்ரசர்தான். எண்ணெய் இல்லாத ஒற்றைப் பிஸ்டன், 3 லிட்டர் டேங்க், நிமிடத்துக்கு 20-லிருந்து 23 லிட்டர் காற்று. டேங்க் அழுத்தம் 4 பாருக்கு ஏறியதும் தானாக நிற்கும், 3 பாருக்கு இறங்கியதும் மறுபடி ஓடும். கோவையில் ஒழுங்காக நின்று ஓடிய அதே பெட்டி ஊட்டிக்கு வந்ததும் நிற்கவே மாட்டேன் என்கிறது. அழுத்தம் காட்டும் கேஜின் முள் மூன்றரையில் தொங்குகிறது, தலைப்பாகம் தொட முடியாமல் சுடுகிறது, அரை மணியில் சூட்டுப் பாதுகாப்பான தெர்மல் கட்டாகி அமைதியாகிவிடுகிறது. பலர் இந்தக் கட்டத்தில் கம்ப்ரசர் செத்துவிட்டது என்று புதிதாக ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் சுமார் 0.77 பார், சென்னையில் 1.01. குன்னூரில் ஏறத்தாழ 0.81, கொடைக்கானலில் 0.78. கேஜ் காட்டுவது வெளிக்காற்றைவிட டேங்க்கில் எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும்தான். கேஜில் 4 பார் என்றால் சென்னையில் பிஸ்டன் காற்றை ஐந்து மடங்கு நெருக்க வேண்டும். ஊட்டியில் அதே 4 பாருக்கு 4.77-ஐ 0.77-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஆறு மடங்குக்கு மேல். பிஸ்டனைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் கப் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் ஐந்து மடங்கைத் தாக்குப்பிடிக்கும். ஆறில் மூச்சு வாங்கும். தானாக நிற்க வேண்டிய கட்-ஆஃப் அழுத்தம் வராததால் மோட்டார் நிற்காது. சூடு ஏறினால் கப் இன்னும் வேகமாகத் தேயும். மெல்லிய காற்று மோட்டாரையும் குறைவாகத்தான் குளிரவைக்கும். ஊட்டிக் குளிர் அதை ஓரளவு ஈடுகட்டினாலும் நிற்காமல் ஓடும் மோட்டாருக்கு அது போதாது.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது கட்-ஆஃபை 3 பாருக்குக் குறைப்பது. ஊட்டியில் 3 பார் என்பது பிஸ்டனுக்கு 4.9 மடங்கு, அதாவது சென்னையில் 4 பாருக்குப் படும் அதே பாடு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிரஷர் சுவிட்ச் மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்கை அழுத்தும் திருகு தெரியும். பெரும்பாலானவற்றில் இடப்பக்கம் திருப்பினால் அழுத்தம் குறையும். கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, மூடியைப் போட்டு, ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யவும். மறுபடி ஓடத் தொடங்கும் அழுத்தமும் கூடவே இறங்கி 2 பார் பக்கம் வரும். பெயிண்ட் அடிக்கும் அழுத்தம் 15-லிருந்து 20 பி.எஸ்.ஐ, அதாவது 1.4 பாருக்குள்தான். இழப்பு எதுவும் இல்லை. சேஃப்டி வால்வை மட்டும் எக்காரணத்துக்கும் தொடாதீர்கள்.

மூன்றுக்கும் ஏறவில்லை என்றால் கோளாறு கசிவா, பம்பா என்று பிரித்தறிய வேண்டும். ஏறுகிற அளவு வரை அழுத்தத்தை ஏற்றி, ஸ்விட்சை அணைத்து, ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். சூடான காற்று ஆறும்போது முள் கொஞ்சம் இறங்கும், குளிர் அறையில் கூடுதலாகவே இறங்கும். அதைக் கசிவு என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. ஐந்து நிமிடம் கழித்த அளவைக் குறித்துக்கொண்டு மேலும் பத்து நிமிடம் பாருங்கள். முள் அசையவில்லை என்றால் டேங்க், இணைப்புகள் எல்லாம் சரி, பலவீனம் பம்பில். இறங்கிக்கொண்டே போனால் ஒரு ஷாம்பூ சாஷேயை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி, பழைய பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். முதலில் பார்க்க வேண்டியவை ஹோஸின் இரண்டு முனைகள், ரெகுலேட்டர் கிண்ணத்தின் ஓ-ரிங், டேங்க் அடியிலுள்ள வடிகால் திருகு. கூம்பு மரையில் டெஃப்லான் டேப் மூன்று நான்கு சுற்று போதும். வாஷர் வைத்த நேர்மரையில் டேப் சுற்றவே கூடாது, வாஷரை மாற்றுங்கள்.

மோட்டார் நிற்கும் கணத்தில் 'புஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்க வேண்டும். பம்புக்கும், காற்றை டேங்க் பக்கம் மட்டும் விடும் செக் வால்வுக்கும் இடையிலுள்ள குழாய்க் காற்றை அன்லோடர் வெளியே விடும் சத்தம் அது. சத்தமே இல்லை என்றால் அன்லோடர் சிக்கியிருக்கிறது. அடுத்த முறை மோட்டார் அழுத்தத்தை எதிர்த்துக் கிளம்ப முடியாமல் 'உம்' என்று முனகும். 'புஸ்' நிற்காமல் தொடர்ந்தால் செக் வால்வு மூடவில்லை, டேங்க் காற்று பின்னால் வருகிறது. அதைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் தட்டையைத் துடைத்தால் பாதி நேரம் சரியாகிவிடும்.

முனகலுக்கு இன்னொரு காரணம் வோல்டேஜ். மழைக்காலத்தில் மாலை வேளையில் வோல்டேஜ் இறங்கும் வீடுகளில் மல்ட்டிமீட்டரால் ஒருமுறை அளந்துவிடுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம், 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி போதும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓட்டினால் மோட்டார் சூடாகும். டேங்க்கைக் காலி செய்த பிறகும் கிளம்பவில்லை, மோட்டாரில் கெப்பாசிட்டர் இருக்கிறது என்றால் அது உப்பியிருக்கிறதா பாருங்கள். கழற்றும் முன் ஒரு பழைய குண்டு பல்பு வழியாக அதன் மின்னேற்றத்தை இறக்கிவிட்டு, அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் எண்ணுள்ளதை மாட்டவும்.

பம்ப் பலவீனம் என்றால் முதலில் காற்று உறிஞ்சும் ஃபில்டர். கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். முள் ஏறினால் குற்றவாளி அதுதான்: பெயிண்ட் தூசியும் மூடுபனி ஈரமும் சேர்ந்து ஃபெல்ட் கட்டியாகியிருக்கும். ஏறவில்லை என்றால் ஆலன் கீயால் தலையின் நான்கு திருகுகளையும் கழற்றி, காற்றை உள்ளே வெளியே விட்டு மூடும் மெல்லிய ரீட் வால்வுத் தகடுகளை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். தகடு வளைந்திருந்தாலோ ஓரம் உடைந்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். டெஃப்லான் கப்பின் விளிம்பு மெலிந்து, சிலிண்டரின் உள்சுவர் மட்டும் வழவழப்பாக இருந்தால் கப்பை மாற்றினால் போதும். கோவையில் நியூமேட்டிக் சாமான் கடைகளுக்குப் பழைய கப்பையே கையில் எடுத்துப்போய்க் காட்டுங்கள், போனில் அளவு சொன்னால் காரியம் நடக்காது. திரும்பப் பூட்டும்போது எதிரெதிர்த் திருகுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவும். "ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் ஸ்மூத்தா ஓடும்" என்று மெக்கானிக் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அந்த எண்ணெய் பெயிண்ட்டில் மீன்கண் போலக் குழி குழியாக வந்து விழும்.

தண்ணீர்த் தொல்லையும் இதே கதையின் அடுத்த பகுதிதான். மூடுபனியில், 15 டிகிரியில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 13 கிராம் நீராவி இருக்கும். ஆயிரம் லிட்டர் காற்றை 3 பாருக்கு நெருக்கி ஆறவிட்டால் அதில் 10 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன், தண்ணீராகப் பிரியும். அது டேங்க்கிலேயே பிரிய வேண்டும். மோட்டார் நிற்காமல் ஓடினால் காற்று சூடாகவே டேங்க்கையும், தண்ணீரைப் பிடித்துவைக்கும் ட்ராப்பையும் தாண்டி, குளிர்ந்த ஹோஸில் போய்த் தண்ணீராகும், பிறகு மாடல் மேல் துப்பும். கட்-ஆஃபைச் சரிசெய்தாலே பாதித் தொல்லை தீரும். மீதிக்கு ஏர்பிரஷ்ஷின் அடியில் ஒரு சிறிய ட்ராப் மாட்டுங்கள். அறையில் ஹீட்டர் வைப்பதால் காற்றிலுள்ள நீராவியின் அளவு குறையாது. வேலை முடிந்ததும் வடிகால் திருகைத் திறந்துவிடவும். தண்ணீர் பழுப்பாக வந்தால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கிறது. அதை வெல்டிங் வைக்கக் கொடுக்காதீர்கள், டேங்க்கின் ஆயுள் முடிந்தது.

துருப்பிடித்த டேங்க், கோடு விழுந்த சிலிண்டர், கருகிய வாடை வீசும் மோட்டார் கம்பிச்சுருள் (வைண்டிங்). கம்ப்ரசரையே மாற்றுவதற்கான நியாயமான காரணங்கள் இந்த மூன்றுதான். வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் அழுத்தத்தைக் கீழ்நாட்டு அளவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். டேங்க் இல்லாத குட்டிக் கம்ப்ரசர் கீழே முக்கி முக்கி 2.5 பார் எட்டும் என்றால் ஊட்டியில் 1.9 பாரில் நின்றுவிடும், அதுவும் காற்று போகாதபோது. 0.2, 0.3 மி.மீ. நாஸிலோடு (பெயிண்ட் வெளிவரும் முனைத்துளை) நின்றுவிடுபவர்களுக்கு ஏஎஸ்-186 வகையே போதும். மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு எஞ்சினையும் அதன் நீலப் பெட்டிகளையும் பெரிய அளவில் செய்து 0.5 மி.மீ. நாஸிலால் வண்ணம் அடிக்கிறவர்கள் இரட்டைப் பிஸ்டனுக்குப் போகலாம். 25 லிட்டர் ஒர்க்‌ஷாப் கம்ப்ரசரும் ஆகும், ஆனால் அதன் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

புதியது வந்த அன்றே டேங்க்கைக் காலியிலிருந்து நிரப்பி நேரம் பாருங்கள். கீழே ஒரு நிமிடம் எடுப்பது இங்கே 80 வினாடி எடுக்கும், அது குறையல்ல. இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் பெட்டியை மூடித் திருப்பி அனுப்புங்கள். ஹோஸ் வாங்கும் முன் மரையையும் பாருங்கள்: ஏஎஸ் வகையில் 1/8 பி.எஸ்.பி. (குழாய் மரை அளவு), ஒர்க்‌ஷாப் கம்ப்ரசரில் பெரும்பாலும் 1/4. பேட்ஜர், பாஷே ஏர்பிரஷ்களின் மரை இரண்டுமே வேறு, தனித்தனி அடாப்டர் வேண்டும். கம்ப்ரசரோடு சேர்த்தே அதையும் ஆர்டர் செய்துவிடுங்கள், ஊட்டியில் தேடினால் கிடைக்காது.