ரேட்டிங் 14

"இதற்கு இன்னும் ஒரு சீசன் இருக்கிறதா, தம்பி?" என்று குதிரையின் உரிமையாளர் கேட்டார். "பாரம் குறைந்திருக்கிறது சார், தூரத்தை மட்டும் மாற்றிப் பார்ப்போம்" என்றேன். அந்தப் பதிலை நான் இன்னும் மனத்துக்குள் சோதித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆறு வயதான அந்தப் பந்தயக் குதிரையின் ரேட்டிங், அதாவது அதன் ஓட்டத் திறனுக்குத் தரப்படும் எண், 22-லிருந்து 14-க்கு இறங்கியிருந்தது; இந்த எண் இறங்கினால் பந்தயத்தில் குதிரை சுமக்க வேண்டிய பாரமும் குறையும். 0 முதல் 25 வரையிலான கடைசி வகுப்பில், 25 ரேட்டிங் உள்ள குதிரை 60 கிலோ சுமந்தால், புள்ளிக்கு அரைக் கிலோ என்ற கணக்கில் இதற்கு 54.5 கிலோதான் வரும். ஆனால் ரேட்டிங் இறங்கியதற்குக் குதிரை தளர்ந்ததும் காரணமாக இருக்கலாம். முன்பு தகுதிக்கு மீறிச் சுமந்த பாரம் இப்போதுதான் சரியாகியிருக்கவும் கூடும். எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

நான் நம்பியது அதன் கடைசி 200 மீட்டரை. 1200 மீட்டர் பந்தயங்களில் பின்னால் கிடந்து, இறுதியில் நான்கைந்து குதிரைகளைத் தாண்டி வந்தது. 1600 மீட்டர் கொடுத்தால் வெல்லும் என்று தோன்றியது. ஆனால் இந்த வகுப்பில் முன்னால் ஓடுபவை தொடக்கத்திலேயே வேகத்தைச் செலவழித்துவிட்டுக் கடைசியில் நின்றுபோவது வழக்கம் என்பதால், இது விரைந்து வந்ததா, அவை தளர்ந்ததால் அப்படித் தெரிந்ததா என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது. அதை அன்றே அறிந்திருந்தும் உரிமையாளரிடம் நான் விளக்கவில்லை. அவர் கேட்டது என் கருத்தைத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். லாயத்தில் அதைக் கவனித்துவந்த பெரியவரோ, பந்தயத்தன்று இரவு அது தீனியை மீதம் வைக்கிறது என்று மட்டும் சொன்னார்.

சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்த ஊட்டியில், வலுவற்ற போட்டியில், 1600 மீட்டரில் அது ஒரு கழுத்து நீள வித்தியாசத்தில் வென்றது. எல்லோரும் என் கணிப்பைப் பாராட்டினார்கள். வென்றதால் ரேட்டிங் ஏறியது, பாரமும் ஏறியது, அடுத்த இரண்டு ஓட்டங்களிலும் கடைசி 200 மீட்டரில் அதனிடம் ஒன்றுமே மிச்சமில்லை. அப்படியானால் அந்த வெற்றி எதை நிரூபித்தது? என் பதிலையா, அன்றைய போட்டியின் வலுவின்மையையா?

ரேட்டிங் மீண்டும் இறங்கத் தொடங்கியதும் உரிமையாளர் அதே கேள்வியோடு வந்தார். முன்கால் தசைநாரை மருத்துவர் பார்த்த பிறகு சொல்கிறேன் என்றேன். முதல் முறையே அப்படிச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றும்; ஆயினும் அப்போது காலில் சூடோ வீக்கமோ இல்லை, காலைப் பயிற்சியில் அது தானாகவே கடிவாளத்தை இழுத்துக்கொண்டு ஓடியது. அதே குதிரை அதே நிலையில் இன்று என் முன் நின்றாலும், 1600 மீட்டருக்குப் பெயர் கொடுக்கவே சொல்வேன்.