மாங்கா சீசன்ல ஊருக்குப் போனோம் (லீவு நாட்குறிப்பு, 2025)

ஜூலை 2, புதன்

ராத்திரி ரெண்டு மணிக்கு பெங்களூர்ல எறங்கினோம். பெட்டி வர்றதுக்கே ஒரு மணி நேரம் ஆயிருச்சு, அப்புறம் தேவனஹள்ளில இருந்து கார். அத்திப்பள்ளி தாண்டி தமிழ்ல எழுதின கடை போர்டெல்லாம் வர ஆரம்பிச்சதும் எனக்குத் தூக்கமே போச்சு. மேலுமலை எறக்கத்துல விடிஞ்சுது. சின்னவன் கண்ணத் தொறந்து பாத்துட்டு "அம்மா இது யாரோட மலை"ன்னு கேட்டான், அவன் ஷார்ஜாவுலயே பொறந்து வளந்தவன், எல்லாத்துக்கும் ஒரு ஓனர் இருப்பாங்கன்னு நெனைக்கிறான். நம்ம மலைதான் தூங்குன்னேன்.

கிருஷ்ணகிரில இருந்து போச்சம்பள்ளி பக்கம் எங்க ஊரு. அப்பா ரோட்டுலயே வந்து நின்னுட்டிருந்தாரு, எப்ப இருந்து நிக்கிறாருன்னு தெரியல. இளைச்சுப் போயிருக்காரு. கேட்டா "வெயிலு கண்ணு, வேற ஒண்ணும் இல்ல"ன்னாரு.

ஜூலை 4, வெள்ளி

இத எழுதணும்னுதான் இன்னிக்கு நோட்ட எடுத்தேன்.

காலைல தோப்புக்குப் போனேன். வேணாம் வேணாம் வெயில் ஏறிரும்னு அம்மா தடுத்துட்டே இருந்தாங்க, நான் பாட்டுக்கு நடந்துட்டேன். பெங்களூரா (கிளிமூக்கு மாங்கா) மரத்துக்கடியில காலு வைக்க எடமில்ல, அவ்ளோ காய் விழுந்து கெடக்குது, பாதி அழுகி ஈ மொய்க்குது. மரத்துலயும் கொத்துக் கொத்தா தொங்குது. இந்த நேரத்துக்கு எப்பவும் லோடு ஏறி மரமெல்லாம் காலியா நிக்கும், எனக்கு ஒண்ணும் புரியல.

அப்பா பின்னாடியே வந்தாரு. ரொம்ப நேரம் பேசல, அப்புறம்தான் சொன்னாரு, கிலோ 4 ரூபாயாம். போன வருஷம் வெயில்ல பூ கருகி காயே இல்ல, அதனால வெலை இருந்துச்சு. இந்த வருஷம் எல்லாத் தோப்புலயும் காய்ச்சுத் தள்ளியிருக்கு, ஜூஸ் கம்பெனிக்காரங்களோ பழைய மாம்பழக் கூழே விக்காம கெடக்குதுன்னு புதுசா வாங்க யோசிக்கிறாங்க. பெங்களூராவ நாம வீட்டுல வச்சு எவ்ளோதான் சாப்பிட முடியும், அது கூழுக்குப் போற காய், கம்பெனி வாங்கலன்னா அதுக்கு வேற வழியே கெடையாது. ஆந்திராவுல சித்தூர் பக்கம் கம்பெனி 8 ரூபா, அரசாங்கம் 4 ரூபான்னு சேத்து கிலோவுக்கு 12 ரூபா அறிவிச்சிருக்காங்களாம், நமக்கு அப்படி ஏதாச்சும் வராதான்னு பாத்துப் பாத்துதான் இவரு பறிக்காம வச்சிருந்திருக்காரு.

ஜூன் மாசம் பூரா நான் வாரம் ரெண்டு தடவ வீடியோ கால் பேசினேன். ஒவ்வொரு தடவையும் "காய் நல்லா புடிச்சிருக்கும்மா"ன்னுதான் சொன்னாரு, அது பொய்யும் இல்ல.

"ஏம்ப்பா சொல்லல?"

"அங்க இருந்துட்டு நீ என்ன பண்ணுவ. சாப்பிடாம கெடப்ப."

எனக்கு அழுகை வந்துருச்சு. வெலைக்காக இல்ல. அம்மாவுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும், மண்டில இருக்கறவனுக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியல.

ஜூலை 6, ஞாயிறு

போச்சம்பள்ளி சந்தை. பெரியவளுக்கு ஆட்டுக்குட்டிய விட்டு வர மனசில்ல. புளி வாங்கினோம்.

ஜூலை 9, புதன்

பறிச்சாச்சு. இனி காத்திருந்தா மொத்தமும் உதுந்துரும்னு நாந்தான் சொன்னேன், அப்பாவும் சரின்னுட்டாரு. அஞ்சு ஆளு. எங்க வீட்டுக்காரரு தொரட்டி புடிக்க, பசங்க ரெண்டு பேரும் கூடையில அடுக்க, நான் சமைச்சுக் கொண்டு போனேன். மூணு டன்னுக்கு 12,000 ரூபா. கூலி, டிராக்டர் வாடகை, சாப்பாடு எல்லாம் போக 5,000 கூட நிக்கல. ஒரு வருஷத்துக்கு மருந்தடிச்ச செலவு இதுல சேரவே இல்ல.

ராத்திரி அம்மா களி கிண்டினாங்க, கொள்ளுக் கடைசல். போன தடவ வாயிலயே வைக்காத பெரியவ இந்தத் தடவ வேலை செஞ்ச பசியில ஒரு உருண்டைய முழுசா முழுங்கிட்டா. களிய மெல்லக் கூடாதுன்னு அவ ஆயாதான், எங்கம்மா, சொல்லிக் குடுத்தாங்க. அப்பா அவளையே பாத்துட்டிருந்தாரு. அன்னிக்கு முழுக்க அவரு சிரிச்சது அப்பதான்.

ஜூலை 17, வியாழன்

"தாத்தா பல்லு ஏன் பிரவுனா இருக்கு, பிரஷ் பண்ண மாட்டாரா"ன்னு சின்னவன் கேட்டான். ஒக்கார வச்சு சொன்னேன். இந்தப் பக்கம் நெறைய எடத்துல போர் தண்ணில ஃப்ளோரைடு அதிகம், சின்ன வயசுல இருந்து அதையே குடிச்சா பல்லுல கறை விழும், எலும்பும் கெட்டுப் போகும். 2013ல ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது அதுக்காகத்தான், தருமபுரி கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கும். நானும் போர் தண்ணி குடிச்சு வளந்தவதான். என் முன்பல்லையும் காட்டினேன். தொட்டுப் பாத்தான்.

ஜூலை 24, வியாழன்

வீட்டுக்காரரு கெளம்பிட்டாரு, லீவு அவ்ளோதான். ஷார்ஜாவுல செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் 12:30ல இருந்து 3 மணி வரை வெளி வேலை கூடாது, அதனால சைட்டுல விடியக்காலைலயே வேலை ஆரம்பிச்சிரும். போகும்போது அப்பா கையப் புடிச்சுக்கிட்டு "எதுவா இருந்தாலும் எங்ககிட்ட சொல்லுங்க மாமா"ன்னாரு. அப்பா தலைய மட்டும் ஆட்டினாரு.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. கேஆர்பி (கிருஷ்ணகிரி) டேமுக்குப் போனோம். காமராஜர் காலத்து டேம், அப்பா சின்னப் பையனா இருக்கும்போது கட்டினது. தென்பெண்ணைக் கரைல ஜனமோ ஜனம். அம்மா எனக்குப் புது மஞ்சக்கயிறு கட்டி விட்டாங்க. ஏழு வருஷமா ஆடிப் பதினெட்டுக்கு ஊர்ல நான் இல்ல, அங்க பூஜை அறையில ஒரு சொம்புத் தண்ணிய வச்சுதான் கும்பிடுவேன். இங்க தண்ணில கால வச்சுக்கிட்டு நின்னப்ப ஒண்ணுமே வேண்டிக்கத் தோணல. மீன் வறுவல் வாங்கித் தின்னோம், காவேரிப்பட்டணத்துல நிப்பட்டு (தட்டை) வாங்கிட்டு வீடு வர எட்டு மணி.

ஆகஸ்ட் 20, புதன்

பெட்டி கட்டறோம். ஆளுக்கு 30 கிலோ. ராகி மாவு, புளி, மாங்கா வத்தல், கொள்ளு, நிப்பட்டு. அம்மா ஒவ்வொண்ணா கொண்டாந்து வைக்கிறதும் நான் எடை போட்டு எடுக்கிறதுமாவே நாள் போச்சு. எடுத்தத எல்லாம் திரும்ப உள்ள வச்சுட்டு என் துணியத்தான் ஊர்லயே விட்டுட்டேன்.

அப்பாகிட்ட ஒரே ஒரு விஷயம் கேட்டேன். நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லாதீங்கப்பா, என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. பணம் அனுப்பறதுக்காக இல்ல. வீட்டு நல்லது கெட்டதுல நானும் இருக்கணும். அவரு பதிலே சொல்லல, பெட்டிக்குக் கயிறு கட்டிட்டிருந்தாரு.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஷார்ஜா. வீட்டுக் கதவத் தொறந்ததும் ஏசி வாடை. சின்னவன் தூக்கத்துல "ஆயா"ன்னு கூப்பிட்டான்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நேத்து ஸ்கூல் தொறந்தாச்சு. இன்னிக்குக் கூட்டிட்டு வரும்போது கீழ கடையில மாம்பழ ஜூஸ் கேட்டாங்க, சின்னப் பாக்கெட் 1 திர்ஹம். நம்ம காசுல 23 ரூபாய்க்கு மேல. கையில புடிச்சுக்கிட்டே கணக்கு போட்டேன், அப்பா வித்த வெலையில இது கிட்டத்தட்ட ஆறு கிலோ காய். நம்ம பக்கத்துக் கூழு வளைகுடா நாட்டுக்கெல்லாம் வருது, இந்தப் பாக்கெட்டுல அது இருக்கான்னு எனக்கெப்படித் தெரியும். பெரியவ எம் மூஞ்சியப் பாத்துட்டு "தாத்தா மாங்காவாம்மா?"ன்னா. ஜூஸ வச்சுட்டு தண்ணி எடுத்துக்கிட்டா.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ராத்திரி அப்பா கூப்பிட்டாரு. எப்பவும் நாந்தான் கூப்பிடுவேன். பசங்க ஸ்கூலு, வெயிலு, அம்மா கால்வலி எல்லாம் பேசி முடிச்சாச்சு, வைக்கப் போறாருன்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் சத்தமில்ல.

"மோட்டாரு காயிலு எரிஞ்சு போயிருச்சு கண்ணு. ரெண்டு நாளாச்சு."

"எவ்ளோ ஆகுமாம்ப்பா?"

"ஆறாயிரம் கேக்குறான். அஞ்சுக்கு முடிப்பான்னு நெனைக்கிறேன். பாத்துட்டு நாளைக்கு சொல்றேன்."