சளியில் கிருமி இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள்

திருகோணமலையில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குப் பரிசோதனைதான். மாமாவுக்கு அது இல்லையென்று வந்ததும் நெருப்புக்காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள். ஆனால் பின்னேரமானால் ஏறும் காய்ச்சலும், இரவில் சாரத்தையும் தலையணையையும் நனைக்கும் வியர்வையும் நிற்கவில்லை. நீரிழிவுக்காரரான அவர் நாளுக்கு நாள் மெலிந்தார். இருமல் பெரிதாக இல்லாததால் காசநோயை எவரும் நினைக்கவில்லை.

பிறகு செய்த சளிப் பரிசோதனையில் கிருமி தென்படாததால், கருமபீடத்தில் இருந்தவர் கோவையை மூடி, "காசநோய் இல்லை, போகலாம்" என்றார். மாமாவுக்கு வந்ததுபோல் இரத்தத்தின் வழியாக நுரையீரல், ஈரல், எலும்பு மச்சை, மூளையுறை என்று பரவும் காசநோயில் சளியில் கிருமி அகப்படாமல் போவது சாதாரணம் என்பதை, பின்னர் மார்பு நோய் வைத்தியர் ஒருவர் விளக்கியபோதுதான் அறிந்தோம்.

காசநோய்க்கான தோல் பரிசோதனையான மான்ரூ ஊசியை ஒரு வியாழக்கிழமை போட்டார்கள். 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் தடிப்பை அளக்க வேண்டும். சனி, ஞாயிறு அங்கே அளப்பதற்கு ஆளில்லை என்பதை ஊசி போட்டவர் சொல்லவில்லை. மறுபடி குத்தியபோது தடிப்பே எழவில்லை. இந்த நோயில் அதுவும் நோயில்லை என்பதற்குச் சான்றாகாது.

எங்களைக் காப்பாற்றியது பழைய எக்ஸ்ரே படம். "அறிக்கை இருக்கிறதே, படம் எதற்கு?" என்று இழுத்தடித்த தனியார் நிலையத்தில் மாமி விடாமல் நின்று வாங்கி வைத்திருந்தார். அதில் ஒன்றுமில்லை, சில வாரங்களின் பின் எடுத்த புதிய படத்திலோ இரு நுரையீரல்களிலும் தினையளவுப் புள்ளிகள் சீராக இறைந்திருந்தன. இரண்டையும் வெளிச்சப் பெட்டியில் அருகருகே செருகிய வைத்தியர் உடனே மாமாவை வார்ட்டில் அனுமதித்தார். ஆகவே, அறிக்கையோடு படத்தையும் கேட்டு வாங்குங்கள். முதல் படம் தெளிவாக இருந்தாலும் காய்ச்சல் தொடர்ந்தால் மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

அதன்பின் எல்லாம் விரைவாக நடந்தன. கண் வைத்தியர் விழித்திரைக்குப் பின்னால் இந்த நோயின் அடையாளமான வெளிர்மஞ்சள் புள்ளிகளைக் கண்டார். சுவாசக்குழாயைக் கழுவி எடுத்த நீரில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட் பரிசோதனை நோயை உறுதிப்படுத்தியது. முள்ளந்தண்டு நீர் சுத்தமாக இருந்ததால், அதாவது மூளையுறைக்கு நோய் பரவியதற்கான அறிகுறி இல்லாததால், மருந்து 6 மாதங்கள், முதல் 2 மாதங்களுக்கு நான்கு வகை, அடுத்த 4 மாதங்களுக்கு இரண்டு வகை என்று முடிவாயிற்று. அரசாங்க மருந்து என்பதால் செலவில்லை. அவற்றில் ஒன்றான ரிஃபாம்பிசின் குடித்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்பதை மட்டும் யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால், மாமா இரத்தம் போகிறதென்று பயந்து வார்ட்டையே எழுப்பியிருக்க மாட்டார்.