இடது கையில் என்ன?

மே 2, 2025, வெள்ளி. தர்மபுரி

எல்டன் ரிங் வீடியோ கேமை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை நான் தேர்ந்தெடுத்த வீரன் வேகபாண்ட் வகுப்பு. அதோடு வரும் ஹீட்டர் கேடயத்துக்காகத்தான் எடுத்தேன். சாதாரண வாள்வெட்டு, ஈட்டிக்குத்து எல்லாவற்றையும் நூற்றுக்கு நூறு தடுத்துவிடும். உயிர் குறையாது, ஸ்டாமினா என்கிற தெம்புதான் போகும்.

கிருஷ்ணகிரியிலிருந்து அக்கா மகன் வாய்ஸ் சாட்டில் வந்தான். "என்ன மாமா, இன்னும் தட்டைத் தூக்கிட்டுத் திரியறீங்க? ரெண்டு கையாலயும் வாளைப் பிடிச்சு, அடி வந்தா உருண்டு தப்பிச்சுப் போங்க."

மே 4, ஞாயிறு

மதியம் போன கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. நேராக மார்கிட் என்ற பெரிய எதிரியிடம் போனேன். கம்பை ஓங்கியபடி நிற்பதுதான் இந்த ஆளின் தந்திரம். ஓங்கியதுமே நாம் பதறி உருளுவோம். அவன் நிதானமாக, நாம் எழும் நேரம் பார்த்துப் போடுவான். உருளுகிறவர்களுக்கென்றே செய்துவைத்த அடி. கேடயக்காரனுக்கு அந்தப் பதற்றம் இல்லை. எப்போது விழுந்தாலும் அது கேடயத்தில்தான் விழும். விழுந்த கையோடு கனத்த அடிக்கான பொத்தானை அழுத்தினால் கார்டு கவுண்டர்! அந்த எதிரடியைத் தொடர்ந்து வாங்கினால் மார்கிட்டே நிலைகுலைந்து உட்கார்ந்துவிடுகிறான்.

ஆனால் அந்த மஞ்சள் ஒளிக் கத்தி மட்டும் கேடயத்தையும் மீறிக் கடிக்கிறது. அது புனித வகைத் தாக்குதல், ஹீட்டருக்கு முழுக்க அடங்காது.

மே 7, புதன்

வேலை முடிந்து வர நேரமாகிவிட்டது, கொஞ்ச நேரம்தான் ஆடினேன்.

கேடயத்தைத் தூக்கியே வைத்திருந்தால் ஸ்டாமினா மெதுவாகத்தான் ஏறும். 2011இல் வந்த டார்க் சோல்ஸ் விளையாட்டிலேயே இதே கணக்குதான். அடி வரும்போது தூக்கு, வாங்கியதும் இறக்கு. 'கேடயம் வேஸ்ட்' என்கிறவர்களில் பாதிப் பேர் அதை இறக்கவே மாட்டார்கள் என்பது என் கட்சி. ஸ்டாமினா வற்றிய நேரத்தில் ஒரு அடி விழுந்தால் கை விலகி, நெஞ்சைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மே 11, ஞாயிறு

அக்கா குடும்பம் மாம்பழக் கூடையோடு வந்திருந்தது. பையனை இங்குள்ள அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். நம் பக்கம் நடுகல்லுக்குப் பஞ்சமா? ஒரு கல்லில் வீரன் வலக்கையில் வாளை ஓங்கி நிற்கிறான். இடக்கைக் கேடயத்தை உடம்போடு ஒட்டாமல் எதிரியின் பக்கம் நீட்டியிருக்கிறான். பார்த்தாயா என்றேன்.

"உங்க கட்சிதான் மாமா. ஆனா செத்துட்டாரே!"

நடுகல் யாருக்கு நடுவார்கள் என்று பயலுக்குத் தெரிந்திருக்கிறது.

மே 17, சனி

அக்கா மகன் இப்போது எல்டன் ரிங்கில் மலேனியா என்ற பொல்லாத எதிரியிடம் மாட்டிக்கொண்டிருக்கிறான். கேடயம் எடுக்கட்டுமா என்று அவனே கேட்டான்! வேண்டாம் என்றேன். அவள் அடி கேடயத்தில் பட்டாலும் அவளுக்கு உயிர் ஏறும். தடுக்கத் தடுக்க அவளுக்குச் சோறு போடுகிற கதை. அங்கே உருளத்தான் வேண்டும். செகிரோ என்ற விளையாட்டில் கேடயப் பேச்சே இல்லை, வாளாலேயே தட்டிவிட வேண்டும். பிளட்போர்ன் என்ற இன்னொரு விளையாட்டில் ஒரு மரக் கேடயம் உண்டு; அதன் குறிப்பே அதை வைத்திருக்கிறவனைக் கிண்டலடிக்கும்.

எனக்கு இன்று பித்தளைக் கேடயம் கிடைத்தது. ஹீட்டரைவிடக் கனம். மொத்தச் சுமை 70 சதவீதத்தைத் தாண்டினால் உருளுவதற்குப் பதில் பொத்தென்று விழுவோம். அதனால் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டேன்.