அவருக்கு வேண்டியிருந்தது மணிநேரம்

கல்லூரிக் கட்டணத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று நாங்கள் கேட்டபோது, அந்த இளம் தாய் பதில் சொல்லாமல் தம் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமீது விரித்தார். மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு கிழித்து, திங்கள் முதல் ஞாயிறு வரை 7 கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் மணிக்கணக்கை எழுதியிருந்தார். குழந்தைகள் காப்பகம் திறப்பது காலை 7.30, வகுப்பு தொடங்குவது 8, காப்பகத்திலிருந்து கல்லூரிக்குப் பேருந்தில் 50 நிமிடம். இந்த மூன்றுக்கும் கீழே இருமுறை அடிக்கோடு இட்டிருந்தார். கட்டணம் முழுவதையும் நாங்களே கட்டிவிட்டாலும், 8 மணி வகுப்புக்கு அவர் 8.20க்குத்தான் போய்ச் சேர முடியும் என்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

அவருடைய பெயரையோ, பிறந்த நாட்டையோ, நாங்கள் வாழும் ஊரையோ இங்கே எழுதப் போவதில்லை. அதற்கான காரணம் கீழே வருகிறது. வயது 24. மூன்று வயது மகளோடு அடைக்கலம் தேடி வந்தவர். கணவர் இன்னும் அங்கேயே இருக்கிறார். குடும்பத்தைச் சேர்த்து வைக்கக் கோரிய விண்ணப்பம் நிலுவையில் கிடக்கிறது. சொந்த நாட்டில் செவிலியர் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புறப்பட நேர்ந்தது. இங்கே செவிலியர் உதவியாளருக்கான பதினெட்டு மாதப் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. எங்கள் இருவருக்கும் பொதுவான தாய்மொழி கிடையாது. வந்த இடத்தில் கற்றுக்கொண்ட மொழியில்தான் பேசிக்கொள்வோம். ஆனாலும் அவர் தம் மொழியில் அக்கா என்று பொருள்படும் சொல்லால்தான் என்னை அழைப்பார். குடியேறி வந்து பல ஆண்டுகள் ஆன எங்களில் சிலர் சேர்ந்து அவருக்காக நிதி திரட்டினோம். கணக்கெழுதும் பொறுப்பு என்னிடம் இருந்ததால், எந்தப் பணம் எதற்குப் போனது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். நிதி கேட்டு இணையத்தில் வெளியிடுவதற்காக ஓர் அறிவிப்பைத் தயாரித்தேன். தாயும் மகளும் சன்னலோரம் அமர்ந்திருக்கும் படம் ஒன்றை அதில் வைத்து, அவர் பட்ட துன்பங்களை நெஞ்சைத் தொடும்படி எழுதியிருந்தேன். அப்படி எழுதினால்தான் பணம் வரும் என்று உண்மையாகவே நம்பினேன். வெளியிடுவதற்கு முன் அவரிடம் காட்டியது ஒன்றுதான் நான் செய்த நல்ல காரியம். கைப்பேசியை வாங்கிக்கொண்டு, இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கினார். தம் முகத்தை அல்ல, மகளின் முகத்தை. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இவள் பெரியவளான பிறகும் இது இங்கேயே இருக்குமா அக்கா?” என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்” என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியத்தின் பொருள் எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து யோசித்த பிறகுதான் விளங்கியது. அச்சுறுத்தலுக்குத் தப்பி வந்த ஒருவரின் படத்தையும் இருப்பிடத்தையும் உலகமே பார்க்கும்படி வைப்பது, அங்கே எஞ்சியிருப்பவரைத் தேடிப் போக வழிகாட்டுவதாக முடியலாம். இரக்கத்தைத் தூண்டுவதற்காக நாம் சேர்க்கும் ஒவ்வொரு விவரமும் யாரோ ஒருவருக்கு அடையாளக் குறிப்பாகும். அந்த அறிவிப்பை அழித்துவிட்டு, பெயரும் படமும் இல்லாத நான்கு வரிக் கடிதம் ஒன்றை எழுதி, எங்களை நேரில் அறிந்தவர்களுக்கு மட்டும் அனுப்பினோம். பணம் மெதுவாகத்தான் வந்தது. மெதுவாக வந்தாலும் அதுவே சரியான வழி என்று இன்றும் நினைக்கிறேன்.

நிதி திரட்டுவதற்குப் படம் தேவையில்லை என்பதற்குப் பழைய சான்று ஒன்று எப்போதும் என் நினைவுக்கு வரும். நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதாமல் வேலை நின்றபோது, 1885ஆம் ஆண்டு மார்ச்சில் ஜோசப் புலிட்சர் தம் நாளிதழில் பொதுமக்களிடம் உதவி கேட்டார். எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் கொடுத்தவரின் பெயர் அச்சில் வரும் என்றார். ஆகஸ்டுக்குள் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. கொடுத்தவர்கள் 1,20,000 பேருக்கும் மேல், அவர்களில் பெரும்பாலோர் தந்தது ஒரு டாலருக்கும் குறைவு. பின்னாளில் கப்பலில் வந்திறங்கிய எத்தனையோ குடியேறிகள் முதலில் கண்ட சிலை அது. அந்தத் திரட்டலில் பெயர் வெளியானது கொடுத்தவர்களுக்கு. இன்றைய வழக்கத்தில் வாங்குபவரின் பெயரையும் முகத்தையும் போட்டுவிட்டு, கொடுப்பவர் மட்டும் ‘பெயர் வெளியிட விரும்பாதவர்’ என்று ஒதுங்கிக்கொள்கிறார். அதைத் தலைகீழாக்கினால் என்ன என்று தோன்றியது. எங்கள் குறிப்பேட்டில் கொடுத்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன; அவர் பெயர் ஒரு பக்கத்தில்கூட இல்லை.

செலவுக்கு வருகிறேன். சொல்ல வேண்டியது அதிகம் இருப்பது இங்கேதான். படிப்பு என்றவுடன் எல்லோருக்கும் கல்விக் கட்டணம்தான் நினைவுக்கு வருகிறது. நன்கொடையாளர்களும் கட்டணத்துக்கென்றால் மகிழ்ச்சியோடு தருகிறார்கள். எங்கள் கணக்கில் பாதிக்கு மேல் போனது குழந்தைகள் காப்பகத்துக்கு. குழந்தை காய்ச்சலில் பத்து நாள் வீட்டில் கிடந்தாலும் அந்த மாதத்துக் கட்டணம் முழுதாகக் கட்ட வேண்டும். கல்லூரிக்கு விடுமுறை என்று ஒரு மாதம் நிறுத்தினால், காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் வேறொரு குழந்தைக்கு அந்த இடம் போய்விடும். ஆகவே இடத்தைத் தக்கவைக்க விடுமுறை மாதத்துக்கும் கட்டினோம். மாலையில் பேருந்து தாமதமானால் கால் மணிநேரத்துக்கு ஒரு அபராதம். இவற்றில் ஒன்றையும் நாங்கள் முதலில் போட்ட திட்டத்தில் சேர்க்கவில்லை.

அடுத்தது, படிப்பைச் சுற்றியுள்ள சில்லறைச் செலவுகள். மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகுமுன் தடுப்பூசிச் சான்று, காவல்துறைச் சான்று, சீருடை, வழுக்காத காலணி. பழைய ஆவணங்களுக்கு அங்கீகாரம் பெற்றவர் செய்த மொழிபெயர்ப்பு. அதற்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. மொழித் தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தும், ஐஈஎல்டிஎஸ், டோஃபெல் போன்ற தேர்வுகளின் மதிப்பெண்கள் பொதுவாக 2 ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதால், இடம் கிடைக்கத் தாமதமானபோது அவர் மறுபடியும் கட்டணம் கட்டி அதே தேர்வை எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியதுதான். ஆனால் கையில் ஒன்றுமில்லாதவரை வகுப்பிலிருந்து வெளியேற்றுவது பெரும்பாலும் இந்தச் சிறிய தொகைகளே.

சட்டங்கள் என்ன சொல்கின்றன என்று தேடிப் படித்தேன். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, 22ஆவது பிரிவில், தொடக்கக் கல்வியில் அகதிகளைச் சொந்தக் குடிமக்களுக்கு நிகராக நடத்த வேண்டும் என்கிறது. அதற்கு மேற்பட்ட கல்வியில், சான்றிதழ்களை ஏற்பதிலும் கட்டணச் சலுகையிலும் உதவித்தொகையிலும் இயன்றவரை சாதகமாக நடத்த வேண்டும், மற்ற வெளிநாட்டினரைவிடக் குறைவாக நடத்தக்கூடாது என்கிறது. இந்த இரண்டு வரிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் அந்தத் தாயும் மகளும் நின்றார்கள்: மகளுக்குப் பள்ளியில் இடம் உறுதி, தாய்க்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம். பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான 1979ஆம் ஆண்டு உடன்படிக்கையைப் படித்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. படிப்பை இடையில் விட்ட பெண்களுக்கான ஏற்பாடுகள் கல்வியைப் பற்றிய 10ஆவது பிரிவில் வருகின்றன; குழந்தைகள் காப்பகம் பற்றிய பேச்சோ வேலைவாய்ப்பைப் பற்றிய 11ஆவது பிரிவில்தான் வருகிறது. படிக்கும் பெண்ணுக்கும் குழந்தை இருக்கும் என்ற எண்ணம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நழுவிவிட்டது.

சான்றிதழ் விஷயத்தில் மட்டும் நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. ஆவணங்களைக் கொண்டுவர முடியாத அகதிகளின் முந்தைய படிப்பை மதிப்பிட நாடுகள் வழி செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய வட்டாரத்துக்கான 1997ஆம் ஆண்டின் லிஸ்பன் உடன்படிக்கை சொல்லியிருந்தது. யுனெஸ்கோ 2019இல் ஏற்று, 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த உலகளாவிய உடன்படிக்கையும் அதே கருத்தைக் கொண்டது. எங்களவருக்கு அதனால் முழுப் பயன் கிடைக்கவில்லை. இரண்டு பாடங்களிலிருந்து மட்டும் விலக்கு அளித்தார்கள். ஜெர்மன் அரசின் ஆதரவோடு ஐ.நா. அகதிகள் முகமை 1992 முதல் நடத்திவரும் டாஃபி உதவித்தொகை முதன்மையாகப் பட்டப்படிப்புக்கானது. 2030க்குள் அகதி இளைஞர்களில் 15 விழுக்காட்டினராவது உயர்கல்வியில் இருக்க வேண்டும் என்பது அந்த முகமையின் இலக்கு. அந்த இலக்கை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் பதினெட்டு மாதத் தொழிற்பயிற்சியில் சேரும் ஒரு தாய்க்கு அக்கம்பக்கத்தார்தான் கதி.

பணத்தை எப்படிக் கொடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பல நாடுகளில், அரசு உதவி பெறுபவரின் வங்கிக் கணக்கில் வெளியிலிருந்து பணம் விழுந்தால் அது வருமானமாகக் கொள்ளப்பட்டு, அந்த உதவி குறையலாம், நிற்கவும் கூடும். அதனால் அவருக்கு ஆலோசனை சொல்லும் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு, காப்பகத்துக்கும் கல்லூரிக்கும் நேரடியாகவே கட்டினோம். ஒரே தடவையில் பெருந்தொகை திரட்டுவதையும் கைவிட்டோம். கடிதம் போன முதல் வாரத்தில் வந்த பணம், அடுத்த இரண்டு மாதங்களில் வந்ததைவிட அதிகம். உற்சாகம் அப்படித்தான் வடியும். காப்பகக் கட்டணமோ பதினெட்டு மாதமும் முதல் தேதியன்று வந்து நிற்கும். ஆகவே, சிறு தொகையானாலும் மாதந்தோறும் தருவதாக 26 பேரிடம் ஒப்புதல் வாங்கினோம். சிறுதுளி பெருவெள்ளம் என்கிறோம். எங்களுக்கு வெள்ளம் தேவைப்படவில்லை, துளி நிற்காமல் விழுந்தால் போதும் என்றிருந்தது.

காலை நேர இடைவெளிக்குத் தீர்வு பணத்தால் வரவில்லை. 6.45க்கு எங்களில் ஒருவர் அவர் வீட்டுக்குப் போவார். அவர் 7 மணிக்குப் புறப்பட்டுவிடுவார். போனவர் குழந்தையை 7.30க்குக் காப்பகத்தில் விடுவார். குழந்தையைக் கொண்டுவரவும் அழைத்துச் செல்லவும் உரிமையுள்ளோர் பட்டியலில் எங்கள் மூவரின் பெயரை அவர் கையெழுத்திட்டுச் சேர்த்தார். முதல் வாரம் முழுவதும் குழந்தை அழுதது. இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை, இடக்காலில் போட வேண்டிய காலணியை நான் வலக்காலில் மாட்டிவிட்டதைப் பார்த்து, தன் மொழியில் என்னவோ திருத்திச் சொல்லிவிட்டுத் தானே கழற்றி மாட்டிக்கொண்டது. அன்று அழவில்லை.

முதல் பருவத்தில் அவர் ஒரு பாடத்தில் தேறவில்லை. உடற்கூறியல். அந்தத் தேர்வுக்கு முந்தைய நான்கு இரவுகள் குழந்தைக்கு மூச்சிரைப்பு. முடிவு தெரிந்ததும், மாதந்தோறும் தந்து வந்தவர்களில் இருவர் இனியும் தொடர்வதில் பொருளுண்டா என்று என்னிடம் கேட்டார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தாங்கள் கொடுத்தது வீணாகிறதோ என்ற கவலைதான். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. வசதியான வீட்டுப் பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் மறுதேர்வு எழுதச் சொல்கிறோம். உதவி வாங்கிப் படிப்பவர் தவறினால் அவருக்குத் தகுதியுண்டா என்று யோசிக்கத் தொடங்குகிறோம். உதவியோடு சேர்த்து, ஒருமுறைகூடத் தவறக்கூடாது என்ற நிபந்தனையையும் நாம் அவர் தலையில் ஏற்றிவிடுகிறோம். மதிப்பெண் பட்டியலை நன்கொடையாளர்களுக்கு அனுப்புவதில்லை என்று அன்று முடிவு செய்தோம். பணம் எங்கே போனது என்ற கணக்கு மட்டும் மாதந்தோறும் போகும். அந்த இருவரில் ஒருவர் விலகினார். மற்றவர் இன்றும் தருகிறார்.

உடற்கூறியலை அவர் மறுதேர்வில் முடித்துவிட்டார். இப்போது மூன்றாம் பருவம். ரசீதின் பின்பக்கத்தில் போட்ட பழைய அட்டவணை கிழிந்துபோனதால், நேற்று புதிதாக ஒன்றை எழுதிக் கொண்டுவந்தார். மருத்துவமனைப் பயிற்சி வியாழக்கிழமைகளில் இரவு 8 மணி வரை நீள்கிறது. காப்பகம் 6 மணிக்கு மூடுகிறது. திங்களும் செவ்வாயும் நான், புதனும் வெள்ளியும் மற்ற இருவர் என்று ஒத்துக்கொண்டோம். வியாழன் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது. கடிதம் பெற்றவர்களில் அன்று மாலை இரண்டரை மணிநேரம் ஒதுக்கக்கூடியவர் இருந்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குச் சொல்லுங்கள். பட்டியலில் பெயர் சேர்க்கக் காப்பகத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும்.