முதல் வலிப்பும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறிய ஒரு வரியும்

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஒரு வரி தப்பாக ஏறிவிட்டால் அதை இறக்குவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. போன வருடம் கோயம்புத்தூரில், ஒரு டீக்கடை வாசலில் எனக்கு முதன்முதலாக வலிப்பு வந்தது. வயது முப்பத்தெட்டு. நடந்தது எதுவும் எனக்கு ஞாபகமில்லை. ஆம்புலன்ஸில் கண் விழித்தபோது கையில் யாரோ திணித்த சாவிக்கொத்து இருந்தது, நாக்கின் ஓரம் கடிபட்டு வீங்கியிருந்தது, முன்பல்லில் ஒரு முனையைக் காணோம். பல் உடைந்தது வலிப்பால் அல்ல, நல்லது செய்வதாக நினைத்து யாரோ வாய்க்குள் ஸ்பூனை விட்டதால். தயவுசெய்து வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு மணியைப் பாருங்கள், 5 நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் 108. பெரும்பாலும் அதற்குள் தானாகவே நின்றுவிடும், பேர் மட்டும் சாவிக்குப் போய்விடும்.

சி.டி. ஸ்கேன், சர்க்கரை, சோடியம் எல்லாம் சரி, ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். வினை டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தது. டியூட்டி டாக்டர் அம்மாவிடம் "முன்னாடி வந்திருக்கா?" என்று கேட்க, அம்மா "சின்னப் புள்ளையில காய்ச்சலடிச்சப்போ ஒருக்கா இழுத்துச்சுங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர் அதை 'பல வருடமாக வலிப்பு நோய் உள்ளவர்' என்று எழுதிவிட்டார்! காப்பீட்டுக் கம்பெனிக்கு இது போதாதா? ஏற்கெனவே இருந்த நோயை மறைத்துப் பாலிசி எடுத்திருக்கிறீர்கள் என்று க்ளெய்மைத் தள்ளிவிட்டார்கள்.

நரம்பியல் டாக்டரிடம் போனால் அவர் ஃபைலைத் திறக்கவே இல்லை. "விழுந்ததை யார் பார்த்தாங்க? அவங்க நம்பர் இருக்கா?" என்றார். டீ மாஸ்டருக்கு அங்கேயே போன் போட்டோம். "தலை இடப்பக்கமா திரும்புச்சுங்க, இடது கை வெடுக்கு வெடுக்குனு இழுத்துச்சுங்க, அப்புறந்தானுங்க விழுந்தாரு. கண்ணு தொறந்தேதான் இருந்துச்சுங்க. தெளிஞ்சும் கொஞ்ச நேரம் ஆளே புரியலீங்க." வெறும் மயக்கமென்றால் முகம் வெளுத்துச் சரிவார்கள், சீக்கிரமே தெளிந்து பேசிவிடுவார்கள், இது மூளையின் வலப்பக்கத்தில் கிளம்பிய வலிப்பு மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர். ஸ்கேன் சொல்லாததை டீ மாஸ்டர் சொன்னார். கூட இருந்தவரை அழைத்துப் போங்கள், யாராவது போனில் வீடியோ எடுத்திருந்தால் இன்னும் நல்லது.

எம்.ஆர்.ஐ. நார்மல். தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி.க்கு ஒரு நடை வீண். கவுண்டரில் தேதியை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள், உள்ளே போனால் "தலையில எண்ணெய் இருக்கே, ஒயர் ஒட்டாது, ராத்திரி முழிச்சிருந்தீங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இதை முதல்நாளே சொல்ல வாய் வராதா? ஷாம்பு போட்டுக் குளித்து, தூங்காமல் போய், அங்கே படுத்துத் தூங்கியபோதுதான் வலப்பக்கத்துக் கோளாறு பதிவானது. விழித்திருக்கும்போது எடுத்தது நார்மல் என்பதற்காக வலிப்பே இல்லை என்று யாரும் முடிவு கட்டிவிட முடியாது.

ஒரு தடவை வந்ததற்கே வலிப்பு நோய் என்று பேர் வைப்பதா என்று கேட்டேன். முதல் வலிப்பு வந்த பெரியவர்களில் நூற்றுக்கு 21 முதல் 45 பேருக்கு 2 ஆண்டுக்குள் மறுபடி வருகிறதாம், இ.இ.ஜி.யில் கோளாறு தெரிந்தால் வாய்ப்பு இன்னும் கூடுமாம். அடுத்த 10 ஆண்டில் திரும்ப வரும் வாய்ப்பு 60 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று டாக்டர் கணித்தால் ஒரே வலிப்பிலேயே அந்தப் பேரை வைக்கலாம் என்பது 2014 முதல் உள்ள விதி. உடனே மாத்திரை ஆரம்பித்தால் முதல் 2 ஆண்டில் திரும்ப வருவது குறையும். ஆனால் இன்னொன்று வரட்டும் என்று காத்திருந்து ஆரம்பித்தவர்களையும் 5 ஆண்டு கழித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் யோசித்துச் சொல்லுங்கள் என்று முடிவை என்னிடமே விட்டார். எனக்கு வேலைக்குப் போக பைக் வேண்டும், மாத்திரைக்குச் சரி என்றேன். அவர் சொல்லும்வரை பைக்கைத் தொடக்கூடாது என்பது தனி.

அப்புறம் அந்த ஒரு வரி. "டாக்டர் எழுதினதை நாங்க மாத்த முடியாது" என்றது ரெக்கார்டு செக்‌ஷன். எழுதிய டாக்டரோ வேலையை விட்டுப் போயிருந்தார். கடைசியில், குழந்தைப் பருவத்தில் காய்ச்சலோடு வந்தது வலிப்பு நோய்க் கணக்கில் சேராது, இதுதான் முதல் வலிப்பு என்று நரம்பியல் டாக்டர் தன் லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டிய பிறகுதான் திருத்தக் கடிதத்தில் சீல் விழுந்தது. இரண்டையும் காப்பீட்டுக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்பினேன், பணம் வந்துவிட்டது. அங்கே ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது. ஆனால் அதற்கு முன்னால் வீட்டுக்குக் கிளம்பும்போதே சம்மரியை ஒரு வரி விடாமல் படியுங்கள், அன்றைக்கு என்றால் பேனாவால் அடித்து மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

லெவெடிராசெட்டம் என்ற அந்த வலிப்பு மாத்திரையை ஆரம்பித்த புதிதில் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தேன், மனைவிதான் டாக்டரிடம் போட்டுக்கொடுத்தார். இந்த மருந்துக்கு அது உண்டாம், அளவைக் குறைத்ததும் தணிந்தது. இதுவரை மறுபடி வரவில்லை. 2 ஆண்டு வராமல் இருந்தால் நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார். அதுவரை மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கி வைத்துவிடுகிறேன், ஏனென்றால் சட்டென்று விட்டால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும், எங்கள் தெரு மருந்துக்கடையில் பாதி நாள் ஸ்டாக் இருப்பதில்லை.