சித்திரை வெக்கையில் ஓவர்கிளாக்: பாளையங்கோட்டை அறையில் எடுத்த அளவுகள்

அறை தட்டட்டிக்கு (மொட்டை மாடிக்கு) நேர் கீழே. சித்திரை மதியம் 3 மணிக்கு உள்ளே 37 டிகிரி. பகலெல்லாம் குடித்த சூட்டைக் காங்கிரீட் ராத்திரிதான் கக்கும் என்பதால் இரவு 10 மணிக்கும் 34தான். ஓவர்கிளாக் என்றால் கிராபிக்ஸ் கார்டை அதற்கு வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. அதற்காக ஏசி அறையில் எடுத்த யூடியூப் எண்களை இங்கே அப்படியே போட முடியாது. கார்டின் சூட்டைக் குறிக்கும்போதெல்லாம் பக்கத்திலேயே அறைச் சூட்டையும் எழுதிவிடுங்கள்.

கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி, 170 வாட். ஃபேனை 70 சதவீதத்தில் நிறுத்தி, வேறு எதையும் தொடாமல் யூனிஜைன் ஹெவன் என்ற சோதனை மென்பொருளை மதியம் அரை மணி நேரம் ஓட்டியதில் 79 டிகிரி, ஹாட்ஸ்பாட் (சிப்பிலேயே மிகச் சூடான இடம்) 92. 79 என்பது அறையைவிட 42 டிகிரி கூடுதல். வாட்டும் ஃபேன் வேகமும் மாறாதவரை இந்த 42 ஏறக்குறைய அப்படியே இருக்கும். மார்கழியில் 27 டிகிரி அறையில் 69 காட்டுகிற கார்டு சித்திரையில் 79 காட்டுவது இதனால்தான். என்விடியா இந்தக் கார்டுக்குச் சொல்லும் உச்சவரம்பு 93. ஆனால் 83ஐ நெருங்கும்போதே கார்டு தானாக வேகத்தைக் குறைக்கும்.

ஆகவே வேகத்தை ஏற்றும் முன் வோல்டேஜை இறக்குங்கள். கார்டின் செட்டிங்கை மாற்றும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கோர் கிளாக்கை (சிப்பின் வேகத்தை) −290 ஆக்கி அப்ளை கொடுங்கள். கண்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால், எந்த வோல்டேஜுக்கு எந்த வேகம் என்று காட்டும் வளைவு திறக்கும். அதில் 900 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் பிடித்து 1,905 மெகாஹெர்ட்ஸுக்குத் தூக்கி மறுபடி அப்ளை. வலப்பக்கப் புள்ளிகள் எல்லாம் ஒரே கோடாகப் படுத்துவிட வேண்டும். ஒரு புள்ளி மேலே துருத்திக்கொண்டிருந்தாலும் கார்டு அங்கே தாவிவிடும். இதைச் செய்ததும் 170 வாட் 132 ஆனது, சூடு 70. வேகம் முன்பைவிடக் குறையவில்லை. ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு மாதிரி, உங்கள் கார்டு 925 மில்லிவோல்ட் கேட்கலாம். கொடுத்துவிடுங்கள்.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த இடத்தில். சூடாக இருக்கும்போது 1,905 என்று வைத்த புள்ளி, கார்டு ஆறியதும் 15, 30 மெகாஹெர்ட்ஸ் தானாகவே மேலேறும். மதியம் மூன்று மணி நேரம் அசையாமல் நின்ற செட்டிங், மறுநாள் காலையில் கேம் மெனுவிலேயே விழுவது அதனால்தான். மதியம் ஒரு சோதனை, விடியற்காலையில் ஆறின கார்டில் ஒரு சோதனை, இரண்டும் வேண்டும். இரண்டிலும் ஒரு வாரம் நிற்கும்வரை, விண்டோஸ் தொடங்கும்போதே செட்டிங் ஏறும்படி வைக்காதீர்கள். வைத்தால் கணினி ஒவ்வொரு முறையும் அதே கோளாறோடுதான் எழும்பும்.

கார்டின் மெமரி வேகத்தை 100 100 ஆக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மூன்று முறை ஸ்கோர் எடுத்தோம். +700 வரை ஸ்கோர் ஏறியது. +900இல் திரையில் ஒரு புள்ளிகூடச் சிதறவில்லை, ஆனால் ஸ்கோர் இறங்கியது. இந்தக் கார்டில் உள்ள ஜிடிடிஆர்6 வகை மெமரி பிழையைக் கண்டால் அதே தரவை மறுபடி அனுப்பும். நேரம் அதில் போகிறது. கண்ணை நம்பாமல் ஸ்கோரை நம்புங்கள். இந்தக் கார்டில் மெமரிச் சூடு எந்த மென்பொருளிலும் தெரியவில்லை, அதனால் +600இல் நிறுத்தினோம்.

ஃபேன் வளைவு: 50 டிகிரிக்கு 40 சதவீதம், 65க்கு 60, 75க்கு 80, 80க்கு 100. ஹிஸ்டெரிசிஸை (சூடு எவ்வளவு இறங்கினால் ஃபேன் வேகம் குறையலாம் என்ற இடைவெளியை) 4 டிகிரி வையுங்கள். இல்லாவிட்டால் ஃபேன் நிமிஷத்துக்கு நாலு தடவை ஏறி இறங்கிக் காதைத் துளைக்கும்.

ஆனி, ஆடியில் வெக்கை தணியும், தூசி வந்துவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஒரே வாரத்தில் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே செம்மண் படலத்தை அடைத்துவிடும். மேற்குச் சன்னலைச் சாத்துங்கள், கேபினட்டைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்துங்கள். உள்ளிழுக்கும் ஃபேன்களுக்கு நைலான் வலை கட்டி, பதினைந்து நாளைக்கு ஒருமுறை கழுவுங்கள். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் மட்டும் வேண்டாம், அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் இருக்கும். பிளோயரால் ஊதும்போதும் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்மண் தெரியாமல் சுற்ற விட்டால் பேரிங் போய்விடும்.

சுத்தம் செய்தபிறகும் ஹாட்ஸ்பாட் கோரைவிட 25 டிகிரிக்கு மேல் தள்ளி நின்றால், சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள பேஸ்ட் விலகியிருக்கிறது. மாற்றும்போது தெர்மல் பேடின் கனத்தை வெர்னியரில் அளந்து அதே கனத்தில் வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் சிப்பில் உட்காராது.

திரை இரண்டு விநாடி கறுத்துத் திரும்பி வந்து, விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் என்விடியா டிரைவர் பிழை பதிவாகியிருந்தால் 15 மெகாஹெர்ட்ஸ் குறையுங்கள். எந்தப் பிழையும் இல்லாமல் கெர்னல் பவர் 41 (கணினி முறையாக மூடாமல் அணைந்தது என்ற பதிவு) மட்டும் இருந்தால், கிளாக்கைத் தொடும் முன் யுபிஎஸ்ஸையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் (கணினியின் பவர் சப்ளையையும்) பாருங்கள். சாயங்காலம் கரண்ட் ஒரு வெட்டு வெட்டிவிட்டு வந்தாலும் அதே பதிவுதான் விழும்.